பெரியவர் பார்வைக்கு

குரல் ஆவணப் பிரிவில் எழுத்து மூலமான எதுவும் ஏற்கப்படமாட்டாது. இதை வாசலில் பெரிய எழுத்தில் எழுதி மாட்டியிருந்தார்கள்.

அவள் கையில் மடித்து வைத்திருந்த மனுவைப் பார்த்துக் கண்காணிப்பாளர் வருத்தப்பட்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார். அந்த மருத்துவமனையில் வருத்தப்படத் தெரிந்தவர்களைத்தான் முன்மேசையில் உட்காரவைப்பார்கள்.

"இது குரல் பிரிவும்மா. பேப்பர்ல எழுதிக் குடுத்தா நாங்க என்ன பண்றது? மைக்ல சொல்லுங்க. பதிவானாதான் பெரியவர் பார்வைக்குப் போகும்."

பெரியவர் எப்போது வருவார் என்று கேட்டாள். கண்காணிப்பாளர் குரலைத் தாழ்த்தி, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் காட்டினார். மேசைமேல் பழுப்பேறிய கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. அதன் திரை முழுக்கக் கறுப்பு. இடது மூலையில் சின்னதாக ஒரு வெள்ளைக் கோடு மட்டும் விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது. படம் கிடையாது, அம்புக்குறி கிடையாது, மவுஸ் கிடையாது. கட்டளையை எழுத்தெழுத்தாகத் தட்ட வேண்டும். ஒரு புள்ளி தவறினாலும் தவறான கட்டளை என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு மறுபடி மின்ன ஆரம்பித்துவிடும்.

அதைத்தான் அந்தப் பிரிவில் எல்லோரும் பெரியவர் என்றார்கள். பெரியவர் இப்போது படிக்கிறார், பெரியவருக்கு இன்று மனசு சரியில்லை என்றெல்லாம் பேசிக்கொண்டார்கள். காலையில் அவரை எழுப்பும்போது ஊழியர்கள் நாற்காலியிலிருந்து எழுந்து நிற்பார்கள். முன்னொரு காலத்தில் யாரோ உட்கார்ந்திருந்த நாளில் அவர் பாதியில் நின்றுபோனாராம். உட்கார்ந்ததற்கும் நின்றதற்கும் தொடர்பு இல்லை என்று இதுவரை யாராலும் நிரூபிக்க முடியவில்லை.

அவளுக்கு வேண்டியது அவள் கணவரின் குரல்.

அவர் பஸ் கண்டக்டராக இருந்தார். தொண்டையில் கட்டி வந்து, குரல்வளையை எடுத்துவிடுவது என்று முடிவானபோது, அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாள் இந்தப் பிரிவுக்குத்தான் அனுப்பினார்கள். எடுக்கப்படும் குரல்கள் எல்லாவற்றையும் எடுப்பதற்கு முன் பதிவு செய்து வைப்பது மருத்துவமனையின் வழக்கம். எதற்காக என்று தெளிவாகச் சொல்லப்படவில்லை. அவர் உள்ளே போய் "ஆ" என்று நீட்டினார், ஒன்றிலிருந்து எண்ணினார், கொடுத்த சொற்களைப் படித்தார். கடைசியாக, உங்கள் விருப்பப்படி ஏதாவது பேசுங்கள் என்று ஒரு நிமிடம் தருவார்கள். அந்த ஒரு நிமிடம் முடிந்து அவர் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்.

அப்படி என்னதான் பேசினீர்கள் என்று இவள் கேட்டாள்.

"உன்மேல ஒரு கம்ப்ளெயின்ட் குடுத்திருக்கேன். அப்புறம் சொல்றேன்" என்றார்.

மறுநாளைக்குப் பிறகு அவரால் சொல்ல முடியவில்லை. எழுதிக் காட்டும்படி கேட்டபோதெல்லாம் சிரித்துக் கையை அசைத்துவிடுவார். எழுதினால் ருசி போய்விடும் என்பது போல. வேறு விஷயங்களுக்கு டம்ளரைக் கரண்டியால் தட்டுவார். ஒரு தட்டு என்றால் நில். இரண்டு தட்டு என்றால் போகலாம். பஸ்ஸில் விசில் கொடுத்த பழக்கம். அப்படியே சில காலம் வீட்டை நடத்தினார்கள். பிறகு கட்டி வேறு இடத்தில் வந்தது. அவர் போனார்.

அவர் போன பிறகுதான் வீட்டில் அவர் குரல் எதிலுமே இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. போனில் இருந்த வீடியோக்களிலெல்லாம் அவள் இருந்தாள், அவள் தங்கை இருந்தாள், அடுத்த வீட்டு நாய்கூட இருந்தது. எடுத்தவர் அவர். எடுக்கும்போது பேசுகிற பழக்கமும் அவருக்கு இல்லை. நாளெல்லாம் கத்துகிறவன் வீட்டிலாவது வாயை மூடுகிறேனே என்பார்.

அதைவிட மோசமான ஒன்று மெதுவாகத் தெரியவந்தது. அவர் சொன்னவை எல்லாம் அவளுக்கு நினைவிருந்தன. "படி பாத்து" என்பார், வீட்டுக்கு முன்னால் இருந்த ஒற்றைப் படிக்கும்கூட. சொல்வதற்கு முன் ஒரு கனைப்பு. சொல் வந்தது, அர்த்தம் வந்தது, அவர் முகம்கூட வந்தது. ஒலி மட்டும் வரவில்லை. உற்றுக் கேட்டால், அவர் சொன்னதையெல்லாம் அவளுக்குள் சொல்லிக்கொண்டிருந்தது அவளுடைய குரல்தான். இதை யாரிடமும் சொல்ல முடியவில்லை. யூனிஃபார்ம் தைக்கும் கம்பெனியில் அவள் பொத்தான் துளை போடும் காஜா மெஷினில் இருந்தாள். பக்கத்து மெஷின்காரியிடம் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினாள். இறந்தவரை மறக்கிறேன் என்று சொன்னால் ஆறுதல் சொல்வார்கள். இறந்தவர் என் குரலில் பேசுகிறார் என்றால் என்ன சொல்வார்கள்?

அதனால்தான் வந்திருந்தாள். மைக்கைப் பிடித்து, திணறித் திணறிச் சொன்னாள். "ஐயா, என் வீட்டுக்காரர் குரல் உங்ககிட்ட இருக்கு. ஒரு தடவை கேக்கணும்." மைக்கில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் நிறுத்தினால் அதுவும் அணைந்தது. பேச்சு இருந்தால்தான் பதிவு ஓடும், மௌனத்தைப் பதிவு செய்து இடத்தை வீணாக்குவதில்லை என்று கண்காணிப்பாளர் பெருமையோடு சொன்னார்.

மனு இசட்டில் சேர்ந்தது.

இசட் என்றால் என்ன என்பதைப் புரிந்துகொள்ள அவளுக்குச் சில வருகைகள் தேவைப்பட்டன. பெரியவரின் பழைய ஹார்ட் டிஸ்க் மிகச் சிறியது. அது நிரம்பியதும், அரசு நிதியிலிருந்து ஒரு மிகப் பெரிய ஹார்ட் டிஸ்க் வாங்கினார்கள். ரிப்பன் வெட்டினார்கள். பிரிவுத் தலைவர் பேசும்போது, இனி இந்த நாட்டில் ஒருவர் குரலும் வீணாகாது என்றார். கைதட்டல் ஓய்ந்தபின் டிஸ்க்கைப் பெரியவரோடு இணைத்தார்கள். பெரியவர் அதைப் பார்த்துவிட்டு, ஒரு மூலை மட்டும் இருப்பதாகச் சொன்னார். அவர் பிறந்த காலத்தில் இவ்வளவு பெரிய பொருள் உலகத்தில் இல்லை.

கம்ப்யூட்டரை மாற்றலாம் என்று சொன்ன ஒரு டாக்டர் வேறு ஊருக்கு மாற்றப்பட்டார். ஒரு குழு அமைக்கப்பட்டது. மீதி இடம் இருப்பதற்குப் பெரியவர் தரப்பில் ஆதாரம் இல்லை என்று குழு கண்டது. பிறகு நிபுணர் ஒருவர் வந்து, ஒரே வீட்டைத் தடுத்துத் தடுத்துப் பல குடித்தனங்களாக்குவதுபோல டிஸ்க்கைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கில எழுத்து கொடுத்தார். கையிலிருந்த எழுத்துகள் தீரும்வரை பிரித்தார். எழுத்து கிடைக்காத இடம் இன்னும் இருந்தது. அதைப் பற்றிப் பேசுவதில்லை.

அன்றிலிருந்து பிரிவில் ஆட்களை மதிப்பதே எழுத்தை வைத்துத்தான் என்று ஆகிவிட்டது. தலைவருக்கு சி. குரல் எடுக்கப்பட்ட நோயாளிகளுக்கு, நோயாளிகளே முதன்மை என்ற கொள்கைப்படி, டி. டாக்டர்கள் ஈயிலும் எஃப்பிலும் இருந்தார்கள். கண்காணிப்பாளர் நெடுநாள் கியூ என்ற எழுத்தில் இருந்து சமீபத்தில்தான் எம்முக்கு உயர்ந்திருந்தார். வீட்டில் விருந்து வைத்தாராம். பொதுமக்களுக்கு இசட்.

"கடைசின்னு நினைக்காதீங்க. ரொம்பப் பெரிய ரூம் அதுதான். எவ்வளவு பேசினாலும் பெரியவர் வேண்டாம்னு சொன்னதே இல்ல" என்றார் கண்காணிப்பாளர்.

முதல் மனு, பின்னணியில் யாரோ இருமியதால் தள்ளுபடி ஆனது. இருமியவர் கண்காணிப்பாளர். இரண்டாவது மனு ஏற்கப்பட்டு, கணவரின் பெயர் கேட்கப்பட்டது. பெரியவருக்கு எட்டு எழுத்துக்கு மேல் பெயர் பிடிக்காது. கணவரின் பெயர் அதைவிட நீளம். முன்பே வெட்டியிருந்தார்கள். திரையில் அதைக் காட்டினார்கள்: அவருடைய முன்பாதி, ஒரு புள்ளி, அதற்குப் பின்னால் ஏதோ குறி. வெட்டுப்பட்ட பாதியில்தான் அவர் அம்மா கூப்பிட்ட செல்லப்பெயர் இருந்தது. ஆனாலும் அந்தக் கறுப்புத் திரையில் அவரைப் பார்த்ததும் அவள் கண்ணாடித் தடுப்புக்கு நெருங்கிப் போனாள். இருக்கிறார். எங்கோ ஒரு மூலையில், பாதிப் பெயரோடு, இருக்கிறார்.

"இருக்காரில்ல. அப்புறம் என்ன கவலை? டியிலதான் இருக்கார், பத்திரமா" என்றார் கண்காணிப்பாளர்.

கேட்க முடியுமா என்றாள்.

அதற்குச் சம்மதம் வேண்டும். நோயாளியின் குரலை இன்னொருவர் கேட்பதற்கு நோயாளி தன் குரலில் சம்மதம் சொல்ல வேண்டும். அவர் இல்லை என்று அவள் சொன்னாள். இருந்தபோதும் அவரிடம் குரல் இல்லை, அதை இங்கேதான் எடுத்தார்கள் என்றும் சொன்னாள். கண்காணிப்பாளர் ஒரு வழி கண்டுபிடித்தார். குரல் இருக்கிறதே, டியில். அதில் அவர் சம்மதம் சொல்லியிருக்கிறாரா என்று கேட்டுப் பார்த்துவிட்டால் போதும் என்றார். கேட்டுப் பாருங்களேன் என்றாள். கேட்பதற்குத்தானே அம்மா சம்மதம் வேண்டும் என்றார். அவர் கேலி செய்யவில்லை. அவருக்கும் அது கஷ்டமாகத்தான் இருந்தது.

விதிவிலக்கு கேட்டு ஒரு மனு சொன்னாள். மனுக்களுக்கு ஆயுள் உண்டு. காலாவதியானால் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கும் மனுவில் பழைய மனுக்கள் எல்லாவற்றின் சாரமும் இடம்பெற வேண்டும். அதனால் அவள் பேச்சு ஒவ்வொரு முறையும் நீண்டது. முதலில் மூச்சுத் திணறியவள், போகப் போக மைக்குக்கு எவ்வளவு தள்ளி நிற்பது, எந்த இடத்தில் மூச்சு வாங்குவது என்றெல்லாம் கற்றுக்கொண்டாள். கம்பெனியில் லீவு கேட்கும்போதுகூட, ஐயா, மேற்படி விஷயமாக, என்று ஆரம்பித்தாள். மேஸ்திரி சிரித்தார்.

மனுவுக்குத் தேவையில்லாததையும் சொல்லத் தொடங்கியிருந்தாள். அதை அவள் உணர்ந்தே செய்தாள். சிவப்பு விளக்கு எரிந்தால் யாரோ கவனமாகக் கேட்பதுபோல் இருந்தது. ஓடும் பஸ்ஸில் ஒரு கையில் கம்பியைப் பிடித்தபடி மறுகையால் அவர் தன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்வதைச் சொன்னாள். அவர் சட்டைக்குக் காஜாவை மட்டும் அவள் சற்று இறுக்கமாக எடுப்பாள், அதற்காகவே ஒரு சண்டை நடந்தது என்பதைச் சொன்னாள். அந்தக் கம்ப்ளெயின்ட் அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றுவதாகவும் சொன்னாள். வீட்டில் பேச ஆளில்லாத எல்லாவற்றையும் கொண்டுவந்து இசட்டில் இறக்கினாள். கண்காணிப்பாளர் தடுக்கவில்லை. பெரியவர் வேண்டாம் என்று சொன்னதே இல்லை.

ஒருமுறை, போன் ரிப்பேர் கடைக்காரர் சொன்னதாக ஒரு யோசனை கொண்டுவந்தாள். டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால் டீ ஆறுவதற்குள் நகல் எடுத்துவிடலாமாம். பிரிவுத் தலைவரே வெளியே வந்தார்.

"வேற மெஷின்ல மாட்டினா, பெரியவர் பாக்காததை எல்லாம் அது பாக்கும்மா. பெரியவர் பாக்காத ஒண்ணுக்கு இந்தப் பிரிவு எப்படிப் பொறுப்பேத்துக்க முடியும்?" என்றார் அன்பாக.

இன்னொருமுறை, அவள் கண்ணெதிரே, பெரியவருக்குக் கட்டளை தட்டும் ஆபரேட்டர் டியைத் திறக்கப் பார்த்தபோது பெரியவர் தடுமாறினார். கர் கர் என்று சத்தம் வந்தது. திரையில் ஒரு கேள்வி எழுந்தது: கைவிடவா, மறுபடி முயலவா, தோற்றதாக எடுத்துக்கொள்ளவா? ஆபரேட்டர் அவளுக்கு விளக்கினார். பொதுமக்கள் விஷயம் என்றால் முதலாவது. அதிகாரிகள் விஷயம் என்றால் இரண்டாவது. மூன்றாவதைத் தலைவர் மட்டுமே அழுத்தலாம், இதுவரை அழுத்தியதில்லை.

அவளுக்கு வார்டுக்கு வெளியே இருந்த பெஞ்சு நினைவுக்கு வந்தது. கட்டி வேறு இடத்தில் வந்தபோது பெரிய டாக்டர் ஏறக்குறைய இதே மூன்றைத்தான் கேட்டார். கணவர் டம்ளரை எடுத்து இரண்டு தட்டுத் தட்டினார். டாக்டருக்குப் புரியவில்லை. "மறுபடி பாக்கலாம்கிறார்" என்று இவள்தான் சொன்னாள். அப்போது அவர் பேச வேண்டியதை எல்லாம் இவள்தான் பேசிக்கொண்டிருந்தாள்.

"மறுபடி முயலுங்க. எனக்காக" என்றாள் ஆபரேட்டரிடம். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு இரண்டாவதை அழுத்தினார். பெரியவர் அமைதியானார். ஆபரேட்டரிடம் பிறகு விளக்கம் கேட்டார்கள் என்று தெரியவந்தது. குரலில்தான்.

கடைசியில் விதிவிலக்கு கிடைத்தது. அவள் மனுக்களின் நீளம் காரணமாகவே கிடைத்தது. இவ்வளவு பேசிய மனுதாரர் பிரிவின் வரலாற்றிலேயே இல்லை என்று தலைவர் நெகிழ்ந்திருந்தார். குரலைக் கேட்கும் நாளை ஒரு சிறிய விழாவாக வைத்தார்கள். ஈ, எஃப் டாக்டர்கள் வந்தார்கள். எம் என்று போட்ட பேட்ஜை எப்போதும் மேசையில் வைக்கும் கண்காணிப்பாளர் அன்று அதை பெல்ட்டில் செருகியிருந்தார். அவள் நல்ல புடவை கட்டிக்கொண்டு போயிருந்தாள். காதில் தோடும் மாட்டியிருந்தாள். பெண் பார்க்க வந்த நாளில்கூட இவ்வளவு பார்த்துப் பார்த்துக் கிளம்பியதில்லை.

தலைவர் பேசினார். காலத்துக்குக் காலம் மாறுகிற கம்ப்யூட்டர்கள் மத்தியில் மாறாமல் நிற்கும் ஒருவரைப் பற்றிப் பேசினார். அவரிடம் நாம் கேட்பது எதுவோ அதை மட்டுமே அவர் தருகிறார், தராததை நாம் கேட்பதில்லை, அதனால் இந்தப் பிரிவில் தோல்வி என்பதே கிடையாது என்றார். பிறகு எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஆபரேட்டர் இரண்டு விரலால் கட்டளையைத் தட்டினார். கணவரின் பாதிப் பெயர் திரையில் வந்தது. பெட்டியிலிருந்து ஒரு "பீப்" சத்தம் கேட்டது.

ஸ்பீக்கரில் இரைச்சல். அதற்குள்ளிருந்து ஒரு கனைப்பு.

அவருடையது. யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. உடம்பு தானாகத் திரும்பியது, அவர் பின்னால் நிற்கிறார் என்பதுபோல. அடுத்து சொல் வரும். கனைப்புக்குப் பின் எப்போதும் சொல் வரும்.

"ஐயா, என் வீட்டுக்காரர் குரல் உங்ககிட்ட இருக்கு" என்றது ஸ்பீக்கர். "ஒரு தடவை கேக்கணும்."

அவளுடைய குரல். திணறித் திணறி. அது முடிந்ததும் இன்னொரு மனுவின் நடுப்பகுதி. பஸ், கம்பி, சட்டைப் பொத்தான். இறுக்கமான காஜா. மேற்படி விஷயமாக. அந்தக் கம்ப்ளெயின்ட் அதுவாகத்தான் இருக்க வேண்டும். ஐயா. ஐயா. யாரும் நிறுத்தவில்லை, நிறுத்துவதற்கு எந்தக் கட்டளை என்று ஆபரேட்டருக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. அவள் தன்னையே முழுக்கக் கேட்டு முடித்தாள்.

தலைவர்தான் விளக்கினார். அவருக்கு இது முன்பே தெரிந்திருந்தது, கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

"பெரியவருக்குன்னு ஒரு எல்லை இருக்கும்மா. அவர் எண்ணிக்கை அவ்வளவுதான். அதைத் தாண்டின இடத்துல எழுதச் சொன்னா முடியாதுன்னு முகத்துல அடிச்ச மாதிரி சொல்லமாட்டார். திரும்ப முதல்லேர்ந்து எண்ண ஆரம்பிச்சு, அங்க போய் எழுதிடுவார். இசட் எல்லையைத் தாண்டி இருக்கு. இசட்ல பேசினது டியில விழுந்திருக்கு. ஆனா இதைத் தப்புன்னு சொல்ல முடியாது. பேர் சரியா இருக்கு. தேதி சரியா இருக்கு. அளவுகூட அப்படியே இருக்கு. உள்ள இருக்கறது மட்டும்தான் மாறியிருக்கு."

ஈ டாக்டர் தலையசைத்தார். எஃப் டாக்டரும்.

அவளுக்கு எளிதாகப் புரிந்தது. ஒருமுறை கணவர் அவளை டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் நிற்கவைத்துக் கிலோமீட்டர் மீட்டரைக் காட்டியிருக்கிறார். எல்லாக் கட்டத்திலும் ஒன்பது. பஸ் கொஞ்ச தூரம் போனதும் எல்லாக் கட்டத்திலும் பூஜ்யம். அவ்வளவு ஓடியதெல்லாம் எங்கே போச்சு என்று கேட்டாள். அவர் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்பது நினைவிருந்தது. இப்போதும் அவள் குரலில்தான்.

முதல் மனு சொன்ன அன்றே அவள் அவர்மேல் ஏறி நின்றுவிட்டாள். வந்து வந்து, கேட்டுக் கேட்டு, கொஞ்சம் கொஞ்சமாக அவரை மூடினாள். ஒரு கனைப்பு மட்டும் தப்பியிருந்தது. அவள் எட்டாத ஓர் ஓரத்தில்.

கண்காணிப்பாளர் மைக்கை அவள் முன்னால் கொண்டுவந்து வைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது. கோரியது கிடைத்தது என்று மனுதாரர் தன் குரலில் சொல்லிவிட்டால் விவகாரம் முடிந்தது. அதுவும் இசட்டில் சேரும்.

"கிடைச்சுதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா. குறை இருந்தாலும் இதுலயே சொல்லலாம். அந்தக் கனைப்பை மட்டும் நகல் வேணும்னாலும், இதுலதான் கேக்கணும்."

அவள் மைக்கைப் பார்த்தாள். அதன் நெற்றியில் சிவப்பு விளக்கு எரியாமல் காத்திருந்தது. அவள் வாயைத் திறந்தால் எரியும். ஐயா என்றால் போதும். அந்த ஒரு சொல் போய் எங்கே விழும் என்று யாருக்கும் தெரியாது. பெரியவருக்கே தெரியாது.

உதட்டை மூடிக்கொண்டாள். அழுகையும் சத்தம்தான் என்பதால் அதையும் மூடிக்கொண்டாள். மூக்கு வழியாக மெல்ல மூச்சு விட்டாள். டாக்டர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். "சொல்லுங்கம்மா" என்றார் கண்காணிப்பாளர் மறுபடி. "எவ்வளவு பேசுவீங்க!"

விளக்கு எரியவில்லை.

"குரல் இல்லாதவர்னு போட்டுக்கோ" என்றார் தலைவர் ஆபரேட்டரிடம். "அதுக்குத் தனிப் பிரிவு இருக்கு. மாடியில."

அவள் தன் மணிக்கட்டின்மேல் விரலால் இரண்டு முறை தட்டிக்கொண்டாள். தோலின்மேல், சத்தமில்லாமல். பிறகு எல்லோரையும் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள்.

தாழ்வாரம் முடிகிற இடத்தில் படிக்கட்டு இருந்தது. அதன் மேல்முனையில் ஒரு கணம் நின்றாள். எதிர்பார்த்தபடியே கனைப்பு வந்தது. அவருடையதுதான். அதற்கு அடுத்து வரவேண்டிய "படி பாத்து" தன் குரலில் வருவதற்குள், அவள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு வேகமாக இறங்க ஆரம்பித்தாள்.